நான்கு திணையும் ஓர் உப்பு லாரியும்

கொல்ச்சானியில் விடிவதற்கு முன்பே
அறுத்து அடுக்கிய உப்புப் பாளங்களை
லாரியில் ஏற்றிவிட்டாள் ஃபிடேலியா கல்சினா.
பாளத்தின் பக்கவாட்டில் கோடுகள்:
மழை ஒரு வரி, புழுதி ஒரு வரி.

வெள்ளைத் தரையில் வெளிநாட்டுக்காரர்கள்
பொம்மை டைனோசரை முன்னால் நிறுத்தி
அது தங்களைத் துரத்துவதாய்ப்
படுத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள்.
நேற்றைய மழை அரை விரல் உயரம் நிற்கிறது.
அதற்குள் வானம் முழுசாய் விழுந்து கிடக்க
மிதிக்காமல் நடக்க வழியில்லை.

"கடலே இல்லாத நாட்டில் இத்தனை உப்பா?"
"கடல் போய்விட்டது.
உப்பு போக மறந்துவிட்டது"
என்றபடி கியரை மாற்றினாள்.

ஓருரோ வரைக்கும் பாலை.
லாமாக்களின் காதில் சிவப்புக் கம்பளி நூல்.
காற்றைத் தவிர எதற்கும் அவசரமில்லை.
சிப்ஸ் பாக்கெட் உயரத்தில் உப்பிக்கொண்டு
தாமாக வெடித்தது
எல் ஆல்ட்டோ சுங்கச் சாவடியில்.

அங்கே அவள் தம்பி நிக்காசியோ காத்திருந்தான்,
வெள்ளைச் சீருடை, நங்கூரம் தைத்த தொப்பி.
கடற்படைக்காரன். கடலைப் பார்த்ததில்லை.
டிட்டிகாக்கா ஏரியில் ரோந்து போகிறான்.
ஒவ்வொரு நடைக்கும் வழக்கம்போல
பாளத்தின் மூலையில் ஒரு சில்லு உடைத்து
நாக்கில் வைத்துக் கண்ணை மூடினான்.
அக்கா ஹாரன் அடித்த பிறகே திறந்தான்.

குறிஞ்சியும் முல்லையும் மருதமும் உண்டு,
பாலை வேண்டிய மட்டும்.
நெய்தல் மட்டும் ஒரு போரில் போயிற்று,
இவர்களின் கொள்ளுத் தாத்தாக்கள் காலத்தில்.
நிலம் போனது, உரிப்பொருள் போகவில்லை.
மார்ச் மாதம் பள்ளிப் பிள்ளைகள்
காகிதக் கப்பல் ஏந்தி ஊர்வலம் போகிறார்கள்.
கரையில்லாத இரங்கல்.

லா கும்ப்ரே கணவாய். பதினைந்தாயிரம் அடி.
நான்கு சக்கரத்துக்கும் நாலு சொட்டுச் சாராயம்,
மண்ணுக்கு ஒரு மடக்கு,
எனக்கு மூடி நிறைய.
பிறகு இறக்கம் இறக்கம் இறக்கம்.
ஸ்வெட்டரைக் கழற்றினேன், சட்டைப் பித்தானைக் கழற்றினேன்,
பாறையில் பாசி, பாசியில் ஆர்க்கிட், மேகத்துக்குள் வாழைத்தார்.

கரனாவி தாண்டியதும் வண்டிகள் இடப்பக்கம் மாறுகின்றன.
இறங்குகிறவர் விளிம்பில் போகவேண்டும்,
சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித்
தன் சக்கரத்தைத் தானே பார்க்கவேண்டும்.
அவள் பார்த்தாள்.
நான் பார்க்கவில்லை.
மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் ஓட்டை.
பின்னால் உப்பு சொட்டுச் சொட்டாய் இறங்கிக்
காட்டுக்குள் போயிற்று.

சான் போர்ஹாவில் தெயோனில்டா குவாஹி ஏறினாள்.
பதினாறு வயசு. தோளில் ஆள் உயரக் குழல் வரிசை,
பனையோலையில் முடைந்தது.
பேருந்தில் ஏற்ற மாட்டோம் என்றார்களாம்.
சான் இக்னாசியோ கோயில் விழாவில் வாசிக்கவேண்டும்,
பாதிரிகள் விட்டுப்போன இசை.
"விட்டுப்போகவில்லை, நாங்கள்தான் விடவில்லை"
என்று திருத்தினாள்.

சமவெளி முழுக்க வெள்ளம்.
சாலை மட்டும் ஒரு கோடு.
இருபுறமும் கழுத்தளவு நீரில் மாடுகள்,
அவற்றின் முதுகில் கொக்குகள்.
எஞ்சின் சூடேறி நின்ற இடத்தில்
தெயோனில்டா குழலை மடியில் சாய்த்து ஊதிப் பார்த்தாள்.
இசை என்று சொல்ல முடியாது,
அடிவயிற்றிலிருந்து ஒற்றைக் கனத்த ஒலி,
மூடுபனியில் வரும் கப்பல் கொடுப்பதுபோல.

மாடுகள் தலை தூக்கின.
ஃபிடேலியா ஒரு நொடி ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.
பிறகு ஹாரனை அழுத்தினாள்,
நீளமாக,
துறைமுகத்தில் இன்னொரு கப்பல் இருப்பதுபோல.

டிரினிடாடில் பண்ணைக்காரர் எண்ணிப் பார்த்தார்.
இரண்டு பாளம் குறைகிறது என்றார்.
"வழியில் மலை நக்கிவிட்டது" என்றாள்.
கணக்கில் அதை எப்படி எழுதுவது என்று
அவர் இன்னும் பேனாவைக் கையில் வைத்திருக்க,
ஒரு வெள்ளைப் பசு
காத்திருக்கப் பொறுமையில்லாமல்
மழை வரியிலிருந்து ஆரம்பித்தது.